குப்பை வண்டி மாறும் இடம்

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்துக் கொடுத்தாலும், மாற்று நிலையத்தில் எல்லாம் ஒன்றாகத்தானே கலக்கப்போகிறது? நான் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: மாற்று நிலையம் என்பது குப்பைக்கு ஜங்ஷன். பேட்டரி வண்டியில் வந்தது பெரிய லாரிக்கு மாறும் இடம். தப்பான ரயிலில் ஏறி வந்தவரை ஜங்ஷன் என்ன செய்ய முடியும்?

காய்ந்த அட்டைப்பெட்டிக்குப் பழைய பேப்பர் கடையில் காசு உண்டு. அதே பெட்டியில் சாம்பார் ஊறிவிட்டால் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அந்த விலையை நிர்ணயிப்பது உங்கள் சமையலறைதான்.

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்லின: அபாயகரமான வீட்டுக் கழிவு. காலாவதியான மாத்திரை, ஊசி, உடைந்த ட்யூப்லைட் எல்லாம் இதில் சேரும். கூர்மையானதைத் தடித்த தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கிளறிப் பிரிப்பவருக்கும் விரல் பத்துதான். அவரை நினைத்தாவது செய்யுங்கள், ஐயா.

பிரித்துக் கொடுத்ததைக் கலப்பதைக் கண்ணால் பார்த்தால், மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டுச் சண்டை பிடியுங்கள். பிரித்துக் கொடுத்தவருக்குத்தான் அந்த உரிமை முழுசாக உண்டு. வடசென்னையில் கலந்த குப்பை காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த இடம் கொடுங்கையூர். அது உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே!