எட்டுப் போட்டாயிற்று, அப்புறம்?

கேள்வி: எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். இதற்கு மேல் ‘தற்காப்பு ஓட்டம்’ என்று தனியாக ஒரு பாடம் எதற்கு?
– கல்லூரி மாணவர், இராசிபுரம்

பதில்: எட்டுப் போடும் மைதானத்தில் எதிரே யாரும் வரமாட்டார்கள். ஆண்டகளூர் கேட்டில் எல்லாரும் வருவார்கள். சோளத்தட்டுக் கட்டோடு டிவிஎஸ் 50 வரும், மரவள்ளிக்கிழங்கு டிராக்டர் வரும், ஒரு கிலோமீட்டர் சுற்றப் பயந்து ராங் சைடில் ஒருவர் வருவார். வண்டி உங்கள் கைக்கு அடங்குகிறது என்பதற்குத்தான் லைசென்ஸ். அடுத்தவர் செய்யப்போகும் தப்பை முன்கூட்டியே கணக்கில் வைத்து ஓட்டுவதுதான் தற்காப்பு ஓட்டம். அமெரிக்காவில் ஹரால்டு ஸ்மித் என்பவர் 1952-ல் இதற்காகவே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார். அவர் வகுத்தவை ஐந்து விதிகள்: தொலைவாகப் பார், சாலை முழுவதையும் பார், கண்ணை ஒரே இடத்தில் நட்டுவைக்காதே, ஒதுங்க இடம் விட்டுவை, நீ வருவது மற்றவர்க்குத் தெரிகிறதா என்று உறுதி செய். நான்காவதை மட்டுமாவது இன்றைக்கே பழகுங்கள். எந்த நேரத்திலும் ‘இப்போது ஒதுங்கவேண்டி வந்தால் எந்தப் பக்கம் போவேன்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கவேண்டும்.

கேள்வி: முன்னால் போகும் வண்டிக்கு எத்தனை மீட்டர் இடைவெளி விடவேண்டும்? விட்டால் இன்னொருத்தர் புகுந்துவிடுகிறாரே?
– வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: ஓடும் வண்டியில் மீட்டரை யாராலும் அளக்க முடியாது, நொடியை எண்ணலாம். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் இன்னும் இரண்டு நொடி சேர்த்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். புகுகிறவர் புகட்டும். சேலத்திலிருந்து நாமக்கல் போவதற்குள் பத்துப் பேர் புகுந்தாலும், ஒவ்வொருவருக்கும் மூன்று நொடி விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு இழப்பு அரை நிமிடம்.

கேள்வி: முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுகிறது. ‘ஏறிப் போ’ என்கிறாரா, ‘நான் திரும்பப்போகிறேன்’ என்கிறாரா?
– வாசகர், மல்லூர்

பதில்: நம் சாலையில் இரண்டு வழக்கமும் உண்டு. சட்டத்தின் கணக்கில் அது திரும்பும் குறிதான். அவர் வேகம் குறைக்கிறாரா, முன்னால் மீடியனில் இடைவெளியோ கிளைச் சாலையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்புகிறார் என்றே வைத்துக்கொண்டு பின்னால் நில்லுங்கள். இன்னொன்று: லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

கேள்வி: நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுவது சரியா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: தவறு. பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும்; நீங்கள் திரும்புவதாக நினைத்துவிடுவார்.

கேள்வி: ஏனுங்க ஐயா, தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல உருட்டினா டீசல் மிச்சமாகும்னு கூட ஓட்டுறவர் சொல்றாரு. நெசமாங்களா?
– புதிதாக லாரிக்கு வந்த இளைஞர், திருச்செங்கோடு

பதில்: தம்பி, இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காதீர்கள். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். அழுத்த அழுத்த டிரம் சூடேறும், சூடு ஏறியபின் லைனிங் பிடிக்காது. ஏர் பிரேக்கில் மிதித்து மிதித்து விட்டால், கம்ப்ரசர் நிரப்புவதற்குள் காற்றழுத்தமும் இறங்கிவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாடு இழந்த ஒரு சிமென்ட் லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதியது. 4 பேர் இறந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் ஒழுங்காகச் சாலையில் நின்றிருந்தவை.

டீசல் கணக்கையும் பார்த்துவிடுவோம். இன்றைய மின்னணு எஞ்சினில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, உருட்டுகிறவர் டீசலையும் இழக்கிறார். பழைய டிரைவர்களின் பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடவேண்டும், பாதி வழியில் அல்ல. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காட்டுக்கும், எழுபது உள்ள கொல்லிமலைக்கும், காருக்கும் இதுவே பாடம். குறுகலான இடத்தில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடவேண்டும் என்பது விதி. லாரித் தொழிலில் ஊன்றி நிற்க நினைத்தால் பயிற்சிக்குப் போங்கள். அசோக் லேலண்ட் 1995-லேயே நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி மையம் தொடங்கிய ஊர்ப்பக்கம்தானே நம்முடையது.

கேள்வி: கார் பழகுகிறேன். பின்னால் ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கணவர் கத்தினால் காலும் நடுங்குகிறது!
– வாசகி, ஓமலூர்

பதில்: ஹாரனுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருப்பதே ‘பழகுகிறேன், பொறுங்கள்’ என்று ஊருக்குச் சொல்லத்தான். எஞ்சின் அணைந்தால் பிரேக்கை மிதித்து, மூச்சு விட்டு, மறுபடி கிளப்புங்கள்.

கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். அவர் பேசக்கூடாது, நீங்கள்தான் பேசவேண்டும். பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்: “இடது பக்கம் பஸ் நிற்கிறது, அதன் முன்னாலிருந்து யாராவது ஓடிவரலாம், வேகம் குறைக்கிறேன். சந்தில் மொபெட் தெரிகிறது, ஓட்டுபவர் என்னைப் பார்க்கவில்லை. சாலையில் கொள்ளு காயப்போட்டிருக்கிறார்கள், எதிர் வண்டி என் பக்கம் ஒதுங்கும்.” பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் இருக்கும் முறை இது. நீங்கள் சொல்லாமல் விட்டதை மட்டும் கணவர் மெதுவாக எடுத்துச் சொல்லட்டும். பத்து நாளில் கண்ணுக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவிடும், கையும் நடுங்காது.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. எங்கள் தெருவுக்குள் மட்டும் பைக் ஓட்டுகிறான். பரவாயில்லையா?
– தந்தை, சங்ககிரி

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. 2019 சட்டத் திருத்தப்படி, அவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது. தெருவில் விளையாடும் குழந்தைகளை இந்தக் கணக்கில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கேள்வி: இரவில் நின்றுகொண்டிருக்கும் லாரி கடைசி நொடியில்தான் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், மோகனூர்

பதில்: டிம் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய ஐம்பது மீட்டர். 80-ல் போகும் கார், ஆபத்தை உணர்ந்து நிற்க எழுபது மீட்டராவது வேண்டும். பார்க்க முடிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இரவு வேகம். எதிர்விளக்கு கண்ணைக் கூசினால் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். கரும்பும் கிழங்கும் ஏற்றும் டிராக்டர்க்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு நடை வாடகையில் கொஞ்சம்தான் ஆகும்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேஸில் மாட்டுவோமா?
– வாசகர், குமாரபாளையம்

பதில்: மாட்டமாட்டீர்கள். நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இருக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் இலவசம். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கிய மகள் நாளைக்கு முதல்முறையாகத் தனியே சேலம் வரை கார் ஓட்டிப் போகிறாள். என்ன சொல்லி அனுப்பட்டும்?
– தாய், நாமக்கல்

பதில்: “அவசரமில்லை கண்ணு, அரை மணி முன்னாடியே கிளம்பு” என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ‘எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்?’ என்று போன் செய்யாதீர்கள் அம்மா. போய்ச் சேர்ந்ததும் அவளே கூப்பிடுவாள்.