நடக்காத பேச்சுக்கு நன்றி

பெறுநர்:
உயர்திரு தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்
(பொறியியல் படிப்பு நடத்தும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்)

பொருள்: வாய் திறக்க விடாமலேயே வாய்மொழித் திறனுக்கு மதிப்பெண் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் ஆளுகையில் கம்யூனிகேஷன் லேப் செய்முறைத் தேர்வு இந்த ஆண்டும் இனிதே முடிந்தது. ஒரு பிரிவில் 60 பேர். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடித்தாக வேண்டும். ஆக, தலைக்கு 3 நிமிடம். அதில்தான் வருகைத்தாளில் கையெழுத்து, ரெக்கார்டு நோட்டைப் புரட்டல் எல்லாம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் குடித்த டீ எந்தப் பிள்ளையின் மூன்று நிமிடத்தில் கழிந்ததோ, பாவம்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேச்சுக்கு மட்டும் ஒருவருக்கு 11 முதல் 14 நிமிடம் ஒதுக்குகிறார்கள். தலைப்பைக் கொடுத்து யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று தனித்தனியாக எடை போடுகிறார்கள். பேசியது முழுக்கப் பதிவாகிறது. இந்தக் கணக்கில் 60 பேரை முடிக்கக் குறைந்தது 11 மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் மாணவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் கொடுமையிலிருந்து ஆசிரியர்களைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

43ஆம் எண் மாணவன் உள்ளே போனான். “மைசெல்ஃப்” என்று தொடங்கினான். நேட்டிவ் பிளேஸ், அப்பா விவசாயம், அம்மா ஹோம்மேக்கர், ஸ்ட்ரெங்த் ஹார்டு ஒர்க். வீக்னெஸ், எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. அவனுக்கு முன்னால் போன 42 பேருக்கும் அதே வீக்னெஸ்தான்.

“ரெக்கார்டுல சைன் வாங்கியாச்சா?”

“யெஸ் மேம்.”

அந்த இரண்டு சொல்தான் அன்று அவன் மனப்பாடம் செய்யாமல் பேசியது.

ரெக்கார்டு நோட்டு அமோகம். ‘குரூப் டிஸ்கஷன்’ என்று ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு ஆறு பக்கம். யார் தொடங்கினார், யார் மறுத்தார், என்ன முடிவானது என்று சகலமும் அதில் இருந்தது. சீனியர் நோட்டிலும் அதே ஆள்தான் மறுத்திருந்தார், அதே முடிவுதான் எட்டப்பட்டிருந்தது.

அதே மாணவன் அன்று இரவு விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வார்டன் முன்னால் நின்றான். திங்கட்கிழமை என்ன ஊற்றினார்கள், செவ்வாய்க்கிழமை அதில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, மாதம் எவ்வளவு மெஸ் பில் கட்டுகிறார்கள் என்று வரிசையாக எடுத்து வைத்தான். வார்டன் குறுக்கிட்டபோது நிறுத்தினான். அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தான். மறுநாள் பொரியல் கூடியது. தமிழில் பேசியதால் இது மதிப்பீட்டில் சேராது.

தேசிய அங்கீகார வாரியம் நெடுநாள் நடைமுறையில் வைத்திருந்த 12 புரோகிராம் அவுட்கம்களில் பத்தாவது, தகவல் தொடர்பு. பொறியாளர் சக பொறியாளர்களிடமும் சமுதாயத்திடமும் விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. அந்தச் சமுதாயம் பாலம் கட்டும் இடத்தில் மேஸ்திரியாகவும், மின்தடைக்குப் போன் போடும் பாட்டியாகவும் இருக்குமே என்ற சங்கடத்தைத் தாங்கள் எளிதாகத் தீர்த்துவிட்டீர்கள்: மேப்பிங் அட்டவணையில் பத்தாவது கட்டத்துக்கு நேராக உச்ச அளவான ‘3’. அவுட்கம் அடைந்தாயிற்று.

இத்தாலியில் பல பல்கலைக்கழகப் பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். 30க்கு 18 வந்தால் தேர்ச்சி. கதவு திறந்திருக்கும், சக மாணவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். அப்படியொரு கதவு இங்கே திறந்தால் 44ஆம் எண் மாணவன் வேறு ஒரு வீக்னெஸைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே, ஒரு நாளைக்குப் பத்துப் பேர், மனப்பாடம் செய்ய முடியாத ஒரு கேள்வி, விளக்கத்தைக் கேட்க ஒரு கல்லூரித் தோட்டக்காரர் என்று அடுத்த ஆண்டு ஒரே ஒரு முறை முயன்று பார்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
25க்கு 24 பெற்றவர்கள்

பின்குறிப்பு: இதை நேரில் சொல்லத்தான் நான்கு மாணவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். “வாயால சொன்னா ஆகாதுப்பா, எழுதிக் கொடுங்க” என்று ஜன்னலில் சொல்லிவிட்டார்கள்.