விற்கத் தெரிந்தவருக்கு மறுக்கவும் கற்றுக்கொடுங்கள்

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்),
சென்னை.

பொருள்: மதுக்கடை விற்பனையாளர்களுக்குப் பொறுப்பான விற்பனை குறித்துப் பயிற்சி அளிக்கக் கோருதல், கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகைப் பகுதியில் முன்னோட்டம் நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

2024-25 நிதியாண்டில் கழகத்தின் வழியாக அரசுக்கு 48,344 கோடி ரூபாய் வந்திருக்கிறது. வாழ்த்துகள். இவ்வளவு ஈட்டித் தரும் நிறுவனம் எந்தத் துறையின் கீழ் இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், மதுவிலக்குத் துறை என்று பதில் சொல்வதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கடை திறக்கும் உரிமையையும் உங்களுக்குத் தருவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். 2003இல் அதைத் திருத்தித்தான் சில்லறை விற்பனை மொத்தமும் உங்கள் கைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, எங்கள் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கைத் தொடங்கிய சேலம் மாவட்டத்தில்தான் அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. ஆகவே, குடிக்காதே என்று அரசு முதன்முதலில் சொன்னது எங்கள் பாட்டன்மாரிடம். பேரன்மாருக்கு அதே சட்டத்தின் பெயரால் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை கடை திறந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், மறுபடியும் மதுவிலக்கு வேண்டும் என்று கேட்க இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. விற்பது என்று முடிவாகிவிட்ட பிறகு, அதை ஒழுங்காக விற்கக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் விண்ணப்பம்.

விதிகள் உங்களிடம் இல்லாமல் இல்லை. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று இருக்கிறது. கடை வாசலில் அதை எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த விதியைக் காப்பாற்ற வேண்டிய இடத்தைச் சற்றுக் கிட்டத்தில் பாருங்கள். இரும்புக் கம்பி வலை. அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. சாயங்காலம் ஆறரை மணிக்குமேல், ஷிப்ட் முடிந்தவர்கள் வந்து சேரும் நேரத்தில், அந்த இடைவெளிக்குள் ஒரே சமயத்தில் நாலைந்து கைகள் நோட்டோடு நுழைகின்றன. விற்பனையாளருக்குத் தெரிவது கைதான், முகம் தெரியாது. கையைப் பார்த்து வயது சொல்வது கைரேகை ஜோசியருக்கே சிரமம். வாங்குகிறவர் ஏற்கெனவே நிதானம் தவறியவரா, வெளியே நிற்கும் டிப்பரை அவர்தான் ஓட்டப்போகிறாரா என்பதெல்லாம் அந்தக் கம்பி வலைக்கு அப்பால் நடக்கும் சங்கதிகள். விதியை எழுதியவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது. கடையைக் கட்டியவர் கை போதும் என்று நினைத்திருக்கிறார்.

பாட்டிலின் விஷயத்தில் கழகம் இவ்வளவு அலட்சியமாக இல்லை. ரெயில்டெல் நிறுவனத்துக்குச் சுமார் 294 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கொடுத்து, ஆலையிலிருந்து கிளம்பும் பாட்டில் கிடங்கு வழியாகக் கடைக்கு வந்து கைமாறும்வரை கியூஆர் குறியீட்டால் பின்தொடர ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். பாட்டிலுக்குப் பிறந்த தேதி உண்டு, ஊர் உண்டு, பயண விவரம் உண்டு. வாங்குகிறவர் பிறந்த தேதியைத்தான் யாரும் கேட்பதில்லை. நீலகிரியில் காலி பாட்டில்கள் உடைந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டில் திரும்பி வந்தால் கொடுத்துவிடும் திட்டத்தை அங்கே தொடங்கினீர்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனீர்கள். நல்ல திட்டம், யானை சார்பில் நன்றி. இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விற்பனையாளர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, கூட்ட நேரத்தில் அவர்களுக்கு அவகாசமில்லை என்பதுதான் உங்கள் அலுவலகத்திலிருந்து வரக்கூடிய முதல் பதில். ஆனால் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டவும், காலி பாட்டிலை எண்ணி வாங்கவும், மெஷினில் ஸ்கேன் செய்து பில் போடவும் அதே விற்பனையாளர், அதே கூட்டத்துக்கு நடுவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

என்ன கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். முதல் பாடம் கணக்கு. உங்கள் கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கப்படும் அளவு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. 42.8 சதவீதம் என்று லேபிளே சொல்கிறது. அதற்குள் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை ஒரே மூச்சில் முடித்தால், மருத்துவர்கள் போடும் வழக்கமான கணக்கின்படி 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 130 மில்லிகிராமைத் தொடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு ஓட்டுநருக்கு விட்டுவைத்திருப்பது 30 மில்லிகிராம். மீறினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மணிக்குப் பதினைந்து மில்லிகிராம் வீதம் உடல் கழித்துத் தீர்க்கும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணிக்குக் குடித்தவர் பைக்கைத் தொட விடியற்காலை மூன்று மணியாவது ஆக வேண்டும். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்று பாட்டிலில் அச்சடிக்கிறீர்கள். அந்தப் பாட்டிலை விற்கும் கடைக்கு வருகிறவர் பஸ் பிடித்தா வருகிறார்? சூளகிரி, பாகலூர், பேரிகைச் சாலைகளில் இரவு எட்டு மணிக்குமேல் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவருக்குப் பதில் தெரியும். 2023இல் 90 மில்லி பாக்கெட் கொண்டுவரலாமா என்று அப்போதைய அமைச்சர் முத்துசாமி யோசித்தார். குவார்ட்டரைப் பங்கு போட, அதாவது கட்டிங்குக்கு, கூட்டாளி கிடைக்காமல் பலர் காத்திருக்கிறார்கள் என்பது காரணங்களில் ஒன்று. குடிப்பவரின் சிரமத்தை இத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, அவர் வீடு திரும்பும் சிரமமும் தெரியாமலா போகும்.

இரண்டாவது பாடம்தான் கடினம்: மறுப்பது. வெளிநாடுகளில் இதைத்தான் சட்டமாக்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பொறுப்பான மது பரிமாறுதலுக்கான பயிற்சி முடித்து அட்டை வாங்காதவர் மதுக்கூடத்தில் கிளாஸை நீட்டக் கூடாது. கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல், பரிமாறுகிறவர் வேலைக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் தேர்வெழுதி 70 சதவீதம் எடுத்தாக வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதை 1980களிலேயே கட்டாயமாக்கியது. அதை ஆராய்ந்த ஹோல்டரும் வாகெனாரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சி தொடங்கிய மூன்றாம் ஆண்டு முடிவில், இரவில் ஒற்றை வாகனம் மோதும் விபத்துகள் 23 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். உங்கள் சட்டப் பிரிவில் விவரமானவர் யாராவது இருந்தால், இதே பொருளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, பயிற்சியால் மட்டும் காயங்கள் குறைகின்றன என்பதற்குச் சான்று போதாது என்று சொன்னதை எடுத்து நீட்டுவார். நீட்டட்டும், அது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. பாடம் நடத்தி சான்றிதழ் கொடுத்து, கடைக்குப் போனதும் பழையபடி விற்கச் சொன்னால் எந்த நாட்டிலும் பலன் இருக்காது. மறுத்தவரின் பக்கம் முதலாளி நிற்க வேண்டும், மறுக்காதவரைச் சட்டம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லாத பயிற்சி, மண்டப வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் பிரயோஜனப்படும்.

இங்கே முதலாளி யார்? தமிழ்நாடு முழுக்க ஒருவர்தான், நீங்கள். மற்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான தனியார் உரிமையாளர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் செய்ய வேண்டியதை, 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி 4,787 கடைகளுக்கும் ஒரே சுற்றறிக்கையில் நீங்கள் செய்துவிடலாம். 6,567 மேற்பார்வையாளர்கள், 14,636 விற்பனையாளர்கள், 2,426 உதவி விற்பனையாளர்கள். அத்தனை பேரும் உங்கள் ஊழியர்கள், அதுவும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். இந்தக் கடைசிச் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. நிரந்தரமில்லாத ஒருவர், தள்ளாடி நிற்கும் ஒருவரிடம், அவர் பின்னால் இருபது பேர் கூச்சல் போடும்போது, "உங்களுக்கு இன்றைக்குப் போதும் அண்ணா" என்று சொல்ல வேண்டும். பேரிகைப் பக்கம் என்றால் அதைத் தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், சிப்காட்டுக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தம்பிகளுக்கு இந்தியில் சொல்லத் தெரிய வேண்டும். சொன்ன பிறகு பாட்டில் அவர் தலையில் உடைந்தால், கழகம் யார் பக்கம்? அடுத்த மாதம் அந்தக் கடையின் விற்பனை குறைந்தால், ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கப்படுமா? விற்பனைக்கு இலக்கு எதுவும் வைப்பதில்லை என்று அரசு பலமுறை மறுத்திருக்கிறது. நம்புகிறோம். அந்த மறுப்பைக் கொஞ்சம் நீட்டி, மறுத்து அனுப்பிய விற்பனைக்கென்று பில் மெஷினிலேயே ஒரு பட்டன் வைத்து, அது எத்தனை தடவை அழுத்தப்பட்டாலும் ஊழியரைக் கேள்வி கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடும்.

பார் இன்னொரு சங்கதி. கடை உங்களுடையது, ஒட்டியிருக்கும் பாரை, தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் பொறுக்கவும் டெண்டரில் எடுத்தவர் நடத்துகிறார். குடிப்பவர் இரண்டாவது குவார்ட்டருக்கு வரும்போது அவருடைய நிலைமையை உள்ளபடி பார்த்தவர், சுண்டலும் தண்ணீர் பாக்கெட்டும் கொண்டுவந்து வைக்கும் சப்ளையர் பையன். அவன் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆகவே பயிற்சி என்று வந்தால் அவனுக்கு வராது. கண் ஒருவரிடம், கை இன்னொருவரிடம் என்றிருக்கும் இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், பொறுப்பைத் தட்டிக் கழிப்பதில் அவருக்கு இணை கிடையாது. டெண்டர் நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் பையனும் வகுப்புக்கு வருவான்.

மிச்சம் இருப்பது எல்லை. இங்கே மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கர்நாடகத்தின் மாஸ்திக்கோ அத்திப்பள்ளிக்கோ போய்விடுவார், நமக்கு வரி நஷ்டம், அவருக்குக் கூடுதல் தூரம் என்பீர்கள். உண்மைதான். கர்நாடகத்தில் சின்ன பாக்கெட்டுகளில் சரக்கு கிடைக்கிறது. அது இந்தப் பக்கம் கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், மறுக்கப்பட்டவர் கள்ளச்சாராயத்துக்குப் போவார் என்றும் சொல்லலாம். 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக விஷச் சாராயத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் ஐயா, அந்தச் சாராயத்தைத் தேடிப் போனவர்களைத் தள்ளியது விலை. கடைக்காரர் எவரும் அவர்களுக்கு வயதையோ நிதானத்தையோ காரணம் காட்டி மறுக்கவில்லை. எல்லையைப் பொறுத்தவரை, ஏற்கெனவே குடித்த ஒருவர் இன்னொரு பாட்டிலுக்காக வண்டியோட்டிக்கொண்டு மாநிலம் தாண்டக் கூடும் என்று தெரிந்தால், சாவியை வாங்கி வைக்கும் வழியை யோசிப்பதுதான் முறை. அடுத்த மாநிலத்துக்காரன் விற்கிறான், ஆகவே பத்தொன்பது வயதுப் பையனுக்கு நானும் விற்கிறேன் என்று வியாபாரி சொல்லலாம், மதுவிலக்குத் துறை சொல்லக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கமும் வயது பார்க்கும் விதி உண்டு. 2023 தொடக்கத்தில் அதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கலாம் என்று கர்நாடகம் ஒரு வரைவு வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆகவே முன்னோட்டத்தைப் பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரத்தில் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன். நாலு மொழி, மூன்று மாநிலம், தொழிற்சாலை, தோட்டம், லாரி எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் தேறுகிற பாடத்திட்டம் எங்கும் தேறும். கம்பி வலையை முகம் தெரியும் உயரத்துக்கு வெட்டிவிடுவது முதல் செலவு. வகுப்புக்கு நாள் ஒதுக்குவதால் வருவாய் போகுமே என்ற கவலையும் வேண்டாம். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி என்று ஆண்டில் எட்டு நாள் கடை அடைத்துத்தான் கிடக்கிறது. ஊழியர்களுக்கு அது விடுமுறை என்பதால் அன்றைக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துவிடுங்கள். காலையில் பாடம், இரவில் செய்முறைத் தேர்வு என்று வைத்தால், பரீட்சித்துப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. இங்கே கடை அடைத்த நாளில் மாஸ்தி சாலையில் இரவு ஒன்பது மணிக்கு நின்றாலே எங்கள் ஊர்க்காரர்கள் போதிய எண்ணிக்கையில், தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள்.

இப்படிக்கு,
பேரிகை வட்டாரத்துப் பொதுஜனம் ஒருவர்