காசு கொடுத்து வெயில்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா பக்கம், படுக்கையும் காலை உணவும் தரும் சிறு விடுதிகளுக்கு வரும் தம்பதிகளுக்கு முதலில் கிடைப்பது ‘அமைதி’. அதாவது, அறையில் டிவி இருக்காது. இல்லாததற்கும் சேர்த்துத்தான் வாடகை. காலையில் விடுதிக்கார அம்மா பான்கேக்கை வைத்துவிட்டு, எந்தப் பாறையில் ஏறலாம் என்று உற்சாகமாகச் சொல்வார். அவர் ஏறுவதில்லை.

தேசியப் பூங்காவில் கோடை வெயில் 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்கிறது நிர்வாகம். சுமப்பவர் கணவர், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பவரும் அவரே. ‘டெடி பேர்’ என்று செல்லப்பெயர் கொண்ட கள்ளி ஒன்று உண்டு. லேசாக உரசினாலே முள்ளோடு ஒரு துண்டு கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி படமெடுக்க வேண்டும் என்ற யோசனை மட்டும் எப்போதும் மனைவியுடையது.

இரவு வானம் மட்டும் அபாரம். அதைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. சமாதானத்துக்கு ஊரிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சண்டை இருந்தால் நுழைவாயிலிலேயே முடித்துவிட்டு உள்ளே போங்கள்.