மருதத்திணையும் மீண்டும் எழுத வந்த பதிவரும்

1. ஆய்வுப் பொருள்

“ரொம்ப நாள் ஆச்சு, எல்லாரும் நலமா?” என்று தொடங்கும் வலைப்பதிவை இக்கட்டுரை ‘மீள்வருகைப் பதிவு’ எனக் குறிக்கும். 2004இல் தமிழ்மணம் திரட்டி தோன்றிய காலந்தொட்டுச் செழித்துவரும் இவ்வகைமைக்கு இலக்கிய வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. அக்குறையைப் போக்குவதே நோக்கம். நடுநிலை கருதி, ஆய்வாளரின் சொந்த வலைப்பூ ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது.

2. பிரிவு

நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் நூலில் பிரிவை ஆறாக வகுப்பார். ஆறும் பதிவருக்குப் பொருந்துகின்றன. பருவத்தேர்வுக்காக எழுதாமல் போனது ஓதற்பிரிவு. குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆனது காவற்பிரிவு. ஆன்சைட் போனது தூதிற்பிரிவு. நண்பருக்காக அடுத்தவர் பின்னூட்டப் பெட்டியில் போரிடப் போனது துணைவயிற் பிரிவு. அலுவலகத்தில் ‘ஆணி’ (பதிவர் வழக்கில் வேலை) அதிகமானது பொருள்வயிற் பிரிவு.

எஞ்சியது பரத்தையிற் பிரிவு. முகநூல் 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ட்விட்டரும் அதே ஆண்டில் பிறந்தது. அங்கே தலைப்பு வேண்டாம், பத்தி வேண்டாம், எழுதிய நொடியில் விருப்பக்குறி விழும். தலைவர்கள் சேரி புகுந்தனர். 2017 வரை ட்விட்டரில் இருந்த 140 எழுத்து எல்லை தமிழருக்கு மெய்யாகவே 140 ஆக இருந்ததில்லை. யூனிகோடில் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக்கணக்கு. ‘பின்னூட்டம்’ என்ற சொல் நம் கணக்கில் 6 எழுத்து, அங்கே 11. இத்தனை வரி கட்டியும் தலைவர் திரும்பவில்லை என்பது பரத்தையின் ஆற்றலுக்குச் சான்று.

ஓதற்பிரிவு 3 ஆண்டைக் கடக்கலாகாது, வேந்தன் பணிக்கான பிரிவு ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம். முகநூற் பிரிவோ பத்தாண்டைத் தாண்டியும் நீள்கிறது. இதனிடையே 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. பதிவு வந்த செய்தியை வாசகரிடம் சேர்த்துவந்த பாணன் அத்துடன் மறைந்தான்.

3. வாயில் மறுத்தல்

திரும்பி வரும் தலைவனை உள்ளே விடாமல் நிறுத்துவது மருதத்தின் மரபு. வலைப்பூவும் அவ்வாறே கடவுச்சொல் கேட்கிறது. மீட்பு மின்னஞ்சல் எப்போதோ விட்டுவந்த வேலையின் முகவரிக்குப் போகிறது. குறுஞ்செய்தி இப்போது வேறொருவர் கையிலிருக்கும் எண்ணுக்குப் போகிறது. இவ்வூடல் ஒருவாறு தணிந்து உள்ளே நுழைந்தால், பக்கவாட்டில் இயங்காத வாக்குப்பட்டை, உடைந்த படங்கள், ‘அனானி’ ஒருவர் பல ஆண்டுக்கு முன் கேட்டு விடை பெறாத கேள்வி. தலைவி எதையும் ஒளித்துவைக்கவில்லை.

4. மீள்வருகைப் பதிவின் உறுப்புகள்

உறுப்பு நான்கு: வருத்தம், காரணம், சூள், வேண்டல். வருத்தம் முதல் வரியில் வரும். காரணம் பெரும்பாலும் ஆணியே. பரத்தையின் பெயரை எந்தத் தலைவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்றாவதான சூள், “இனி வாரம் ஒரு பதிவு கட்டாயம்” என்ற வடிவில் அமையும். தலைவனின் பொய்ச்சூள் அகமரபில் நன்கறிந்த செய்தியாதலால் இதற்கு உரை வேண்டா. வேண்டல், பின்னூட்டம் இடுமாறு கேட்பது. முதல் பின்னூட்டமாக “மீ த பர்ஸ்ட்டு” என வருவது தோழி கூற்று. படித்துவிட்டுப் பேசாமல் போவோர் கண்டோர். அகமரபில் கண்டோருக்குக் கூற்று உண்டு, இவர்களுக்கு இல்லை.

இவ்வகைமையின் தனிச்சிறப்பு, இதற்கு அடுத்த பதிவு பெரும்பாலும் இல்லாமையே. திரும்பி வந்ததை அறிவித்ததும் திரும்பி வந்த கடன் தீர்ந்துவிடுகிறது.

5. கடாவும் விடையும்

இத்தனை இடர்ப்பட்டு ஏன் திரும்ப வேண்டும் எனின், காட்டுதும். பழைய பாக்கெட் நாவலின் அட்டை, கேசட்டோடு போன நாதஸ்வரப் பதிவு, ஊருக்கு வெளியே பாறையில் கிடக்கும் சமணப் படுக்கை ஆகியவற்றைப் பற்றி ஆசையாக எழுதிய ஒருவர் அதை வலைப்பூவில் இட்டிருந்தால், தேதியோடும் நிலையான முகவரியோடும் அது கிடக்கும். பத்தாண்டு கழித்துத் தேடுபவர் கையிலும் சிக்கும். முகநூலில் இட்டிருந்தால், போன மாதம் எழுதியதை எழுதியவரே தேடிக் களைப்பார். ஒருவருக்குப் பிடித்த பொருள் அதே பொருளைப் பிடித்த இன்னொருவரைச் சென்றடைய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

6. முடிபு

மீள்வருகைப் பதிவு மருதத்திணையின்பாற்படும் என்பது நிறுவப்பட்டது. அது தேவையற்றது என்பதும் உடன் நிறுவப்பட்டது. வருத்தமும் சூளும் வாசகர் கேட்டவை அல்ல. ஆகவே, பதிவரே, வந்துவிட்டதாக அறிவிக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டையோ படுக்கையையோ பற்றி முதல் வரியிலேயே தொடங்குங்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.