காலுறையோடு நிற்கும் வாத்தியார்

வெளிநாட்டுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரிய மாணவர்கள் எழுதித் தரும் அறிக்கையில் 'புதிய கற்பித்தல் உத்திகள்' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. உத்திகள் எல்லாம் பி.எட். பாடப் புத்தகத்திலேயே கிடக்கின்றன; அவற்றைத் தேடி விமானம் ஏறத் தேவையில்லை. பயிற்சியின் பயன் வேறு. ஓர் ஆசிரியரின் கெத்தில் சொந்தச் சரக்கு எவ்வளவு, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பது எவ்வளவு என்ற கணக்கு அங்கே போனால்தான் தெரியவரும். ஊரில் இருக்கும்வரை முட்டுகள் கண்ணில் படுவதில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேர் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்லும்போது, அது தன் ஆளுமைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் இருபத்திரண்டு வயதுப் பயிற்சி ஆசிரியருக்குத் தோன்றும்.

இந்த மயக்கத்தைத் தெளிவிக்கப் பின்லாந்தைப்போல் ஒரு நாடு கிடையாது. முதலில் செருப்பு போகிறது. அங்கே பல பள்ளிகளில், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளில், காலணியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். டக் டக் என்ற ஓசையோடு வராந்தாவில் நடந்துவந்து வகுப்பை அடக்குகிற வித்தை காலுறையில் பலிக்காது. கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுத்து 'சார்', 'மேடம்' போகிறது. ஏழு வயதுக் குழந்தை ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதில் துளியும் அவமரியாதை இருக்காது, அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மொழியும் கைவிட்டுப் போகிறது. பின்னிஷ் மொழியில் வேற்றுமைகள் பதினைந்து. எட்டையே மனப்பாடம் செய்து மறந்தவர்கள் நாம்; அங்கே மூக்கொழுகும் பிள்ளை பதினைந்தையும் பிழையில்லாமல் பேசிக்கொண்டிருக்க, அறையிலேயே மொழியில் கடைசி பெஞ்சு யார் என்றால், கரும்பலகை அருகே நிற்பவர்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு பரீட்சை. பின்லாந்தில் எல்லோருக்கும் பொதுவான தேசியத் தேர்வு என்பது மேல்நிலைப் பள்ளி முடிவில் வருவது ஒன்றுதான். ஆகவே வகுப்பு சலசலக்கும்போது நாம் பிரயோகிக்கும் பிரம்மாஸ்திரம், 'இது பரீட்சையில் வரும்', அங்கே வெறும் வானிலைத் தகவலாக முடியும். பள்ளி ஆய்வு முறையையும் 1990களின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். 'இன்ஸ்பெக்டர் வருகிறார்' என்றும் மிரட்ட முடியாது. இவ்வளவும் போனபின் பயிற்சி ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். வகுப்பு அமைதி காக்கிறது. பொறுக்காமல் அவரே பதிலையும் சொல்லிவிடுகிறார். இது அவருடைய தனிக் குறை அல்ல. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமும் தரமும் பெறுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். பின்லாந்துப் பிள்ளைகள் அந்த ஆய்வைப் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்கு மௌனம் சங்கடமாக இல்லை, அவ்வளவுதான். சங்கடம் முழுக்க ஆசிரியருக்கு. நாற்பத்தைந்து நிமிடப் பாடம் முடிந்து பதினைந்து நிமிட இடைவேளை வந்தால் அதுவும் வெளியே, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரில். பிள்ளைகள் பனியில் புரள்வார்கள். மணி எப்போது அடிக்கும் என்று ஏங்கி நிற்பவர் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர். (மதிய உணவு மட்டும் எல்லோருக்கும் இலவசம், 1948 முதல். 1956-இல் காமராசர் தொடங்கிய திட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்திலாவது அந்நியம் தோன்றாது.)

இதற்கு இவ்வளவு செலவா, உள்ளூரில் ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நகரத்திலிருந்து தள்ளிப் போகப் போக முட்டுகள் வலுக்கின்றனவே தவிரத் தளர்வதில்லை. பிள்ளைகள் இன்னும் விறைப்பாக எழுந்து நிற்பார்கள், ஊர்ப் பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா என்பது இன்னொரு கேள்வி. நியாயம்தான். ஆனால் பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகள் இதற்கென்றே இருக்கின்றன. கல்வியாளர் உனோ சிக்னேயஸ் 1863-இல் யுவாஸ்குலாவில் ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். அங்கே படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பயிற்சி ஆசிரியர்களைப் பார்த்துத் தேர்ந்த விமர்சகர்கள். எலி யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில் பின்லாந்தின் கணித மதிப்பெண் 2006-இல் 548 ஆக இருந்தது 2022-இல் 484 ஆகச் சரிந்துவிட்டதே, சரிந்த ஊரில் என்ன கற்பது என்பவர்களும் உண்டு. சரிந்தது பயிற்சிக்கு நல்லது என்பேன். முதலிடத்தில் இருந்தபோது அந்த ஊருக்குப் போனவர்கள் ரகசியம் தேடிப் போனார்கள், பெட்டி நிறையத் துண்டறிக்கைகளோடு திரும்பினார்கள். இப்போது போகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிஞ்சுகிறது: ஊர் திரும்பிய முதல் நாள் காலையிலேயே நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள், கற்றது கரைந்துவிடும். பலருக்குக் கரையும், மறுக்கவில்லை. ஒரு வாரம் பத்து நாள் போய்வருகிறவர்களுக்கோ கரைய ஒன்றுமே இருக்காது. விருந்தாளி என்பதும் ஒரு முட்டுதான், அதை எந்த நாட்டுப் பிள்ளையும் ஒரு வாரத்தில் தட்டிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் மாணவர் பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் என்று வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் சரியான அளவுதான். விருந்தாளிக்குரிய புன்னகை தீர்ந்து, பிள்ளைகள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார அந்த அவகாசமாவது வேண்டும். அதற்கு முன்பே திரும்பி வருகிறவருக்குப் பயணச் சான்றிதழ் கொடுங்கள், பயிற்சிச் சான்றிதழ் வேண்டாம்.