இரவல் வாசகர்

புத்தகத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் நம் இரவல் வாசகரின் பரம்பரையிலேயே கிடையாது. அதற்காக அவரைப் படிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் தெருவிலேயே அதிகம் படித்தவர் அவர்தான்.

எழுபதுகளில் அவருடைய காலை டீக்கடையில் விடியும். அங்கே தினத்தந்தியை முழுசாகக் கண்டவர் யாருமில்லை. ஆளுக்கொரு தாளாகப் பிரிந்து கிடக்கும். ‘கன்னித்தீவு’ உள்ள தாள் கைக்கு வரும்வரை டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்து சலூன். முடிவெட்டப் போனதைவிட ஓசிப் பத்திரிகை பார்க்கப் போனதுதான் அதிகம். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு வாசல்.

“அக்கா, குமுதம் வந்துருச்சா?”

“வந்துருச்சு. நானே இன்னும் பிரிக்கலைப்பா.”

“நீங்க சமையலை முடிங்கக்கா. அதுக்குள்ள பாத்துட்டுத் தந்துடுறேன்.”

சாம்பார் கொதிப்பதற்குள் தொடர்கதை, கேள்வி பதில், சினிமாச் செய்தி எல்லாம் முடிந்திருக்கும். குறுக்கெழுத்தையும் பேனாவால் நிரப்பித்தான் திருப்பித் தருவார். அக்காவுக்கு அதுதான் பொறுக்காது.

அவருடைய பொற்காலம் என்றால் பைண்டு வால்யூம் காலம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்துவைத்த வீடுகள் ஏராளம். மணியத்தின் ஓவியமும், பின்பக்கத்தில் பாதி துணுக்கும் பாதி விளம்பரமுமாக இருக்கும் அந்த வால்யூம், ஊர் ஊராகப் போகும். நடுவில் ஓர் அத்தியாயம் காணாமல் போய், அதைத் தொலைத்தது யார் என்ற வழக்கு இரண்டு குடும்பங்களுக்குள் தலைமுறை தாண்டியும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்து கேட்பாள் என்றால், நம்மவர் சனிக்கிழமை ராத்திரி தூங்கமாட்டார்.

லெண்டிங் லைப்ரரியிலும் அதே கதைதான். சந்தா அண்ணனுடையது; நாள் கணக்கில் வாடகை ஏறும். பகலில் சாண்டில்யன், ராத்திரி தமிழ்வாணனின் சங்கர்லால். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைக்கும் புண்ணியவான் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நம்மவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது அவர் கையில் ஸ்மார்ட்போன். இரவல் கேட்கும் வசனமும் சுருங்கிவிட்டது: “பிடிஎஃப் இருக்கா?” மணிரத்னத்தின் படம் 2022-ல் வந்த கையோடு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் நாலைந்து குழுக்களிலிருந்து இறக்கிவைத்தார். அதில் தப்பில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் அதை இலவசமாகவே தருகிறது. ஆனால் போன மாதம் வெளியான நாவலையும், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, இதே மாதிரி இறக்குகிறாரே, அதற்குப் பெயர் இரவல் இல்லை, திருட்டு.

திருடியதையாவது படிக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. ஃபோனில் ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. எதையும் பத்தாம் பக்கம் தாண்டியதில்லை. திருப்பிக் கேட்க சித்தி இல்லை, ஏறுவதற்கு வாடகை இல்லை. அவரைப் படிக்கவைத்தது ஆர்வம் என்று நாம்தான் தப்பாக நினைத்திருந்தோம்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு மட்டும் தவறாமல் போவார். 1977-ல் தொடங்கிய அந்தக் காட்சியில் அவர் செலவழிப்பது மிளகாய் பஜ்ஜிக்குத்தான். ஸ்டால் ஸ்டாலாக நின்று அட்டையைப் படம் பிடித்து, அங்கிருந்தே குழுவில் போடுவார்: “இது யாரிடமாவது கிடைக்குமா?”

அவரை எங்கேயாவது பார்த்தால் கிளை நூலகத்துக்கு வழி சொல்லுங்கள். சென்னைக்காரராக இருந்தால் எழும்பூர் கன்னிமாராவைக் காட்டுங்கள். 1896-லிருந்து இருக்கிறது, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே வந்து சேரவேண்டும் என்பது 1954-ஆம் வருடச் சட்டம். எடுத்த புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதியைச் சீட்டில் குத்தியும் கொடுப்பார்கள். காசு கேட்பார்களோ என்று தயங்கினால், சொத்துவரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூலக வரி அதிலேயே சேர்ந்திருக்கிறது, அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார்.